ஆறலை கள்வரும் ஆற்றுப்படையும்

பாலைத் திணையைப் பாடம் சொல்லும்போது ஆறலை கள்வர் என்னும் தொடரை விரைவாகவே கடந்துவிடுகின்றோம். வழிச்செல்வோரை மறித்துப் பொருள் பறிப்போர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் தலைவியின் ஏக்கத்திற்குச் சென்றுவிடுகின்றோம். அவள் ஏக்கத்தில் பாதி அக்கள்வரைப் பற்றிய அச்சம் என்பதை எத்தனை மாணவர் உணர்ந்திருப்பர் என்பது ஐயமே. தலைவன் பொருள் தேடிச் சென்று சேரும் ஊரைப் பற்றி அவளுக்கு அச்சமில்லை. ஊருக்கும் ஊருக்கும் இடையில் கிடக்கும் வழியை எண்ணித்தான் அவள் உறக்கம் இழக்கின்றாள்.

இந்த அச்சத்திற்கு விடையாக அதே சங்கத் தமிழ் மற்றோர் இலக்கிய வகையையும் தந்திருக்கின்றது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றை வள்ளல் புகழ் பாடும் நூல்கள் என்று மட்டுமே கற்பித்துப் பழகிவிட்டோம். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாத்தை எடுத்துப் பார்ப்போம். நன்னனின் கொடைச் சிறப்போடு, அவன் ஊருக்குப் போகும் மலைவழியின் இடர்களையும் அந்நூல் ஒன்றுவிடாமல் சொல்கின்றது. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், பாம்பு உறையும் குழியை எவ்வாறு கடப்பது, பாசி படிந்த பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது, புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது என்றெல்லாம் கூத்தர் கூட்டத்திற்கு அறிவுரை கூறப்படுகின்றது. இருட்டிவிட்டால் நடையை நிறுத்திக் கற்குகையில் தங்குமாறும், வழி பிரியும் இடத்தில் பின்வருவோர் அறிந்துகொள்ளப் புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் சொல்லப்படுகின்றது. இத்தனை இடரையும் மறைக்காமல் சொல்லும் அப்புலவர், போகவேண்டாம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை.

அயல்நாட்டுப் பயணம் அரிதாக இருந்த காலம் போய்விட்டது. நம் கல்லூரி ஆசிரியர்கள் கருத்தரங்குகளுக்குச் செல்கின்றனர். பழைய மாணவர்கள் பணிக்கும் வணிகத்திற்கும் செல்கின்றனர். பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கச் செல்கின்றனர். விமானச் சீட்டு, நுழைவிசைவு, கட்டுரைச் சுருக்கம், பெட்டியின் எடை ஆகிய அனைத்திலும் காட்டும் கவனத்தை, இறங்கிய விமான நிலையத்திற்கும் படுக்கும் அறைக்கும் இடையிலுள்ள வழியில் எவரும் காட்டுவதில்லை. இக்காலப் பாலை அங்கேதான் இருக்கின்றது. குற்றம் மிகுந்த பெருநகரங்களில் அந்த இருபது முப்பது கிலோமீட்டர், கடல்கடந்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டரினும் கடினமானதாகிவிடுகின்றது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிந்திக்க விரும்புகின்றோம்.

அந்நகரம் நமக்கு அந்நியமானதன்று. 1886ஆம் ஆண்டில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதால் எழுந்த அந்நகரில்தான் தில்லையாடி வள்ளியம்மை பிறந்தார். சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் மறைந்த அப்பெண்மணி, அங்குள்ள பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் துயில்கின்றார். 1908 ஆகஸ்ட் 16 அன்று காந்தியடிகள் தலைமையில் இந்தியர்கள் தம் பதிவுச் சான்றுகளைக் குவித்துத் தீயிட்டது அந்நகரின் ஹமீதியா பள்ளிவாசல் திடலில்தான். தமிழரும் குசராத்தியரும், இந்துக்களும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்ற அவ்விடத்தைக் காணவேண்டும் என்னும் விருப்பம் நம் துறையிலுள்ள பலருக்கும் உண்டு. எனவே அந்நகருக்குப் போகாதிருப்பதே நலம் என்று கூறுவோர் கட்சியில் நாம் இல்லை.

ஆனால் அஞ்ச ஒன்றுமில்லை என்போர் கட்சியிலும் சேர இயலவில்லை. தென்னாப்பிரிக்கக் காவல்துறை தானே வெளியிடும் கணக்கின்படி, ஓட்டுநரை மிரட்டி வாகனத்தைப் பறித்துச் செல்லும் குற்றங்கள் அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் ஆண்டுக்கு 20,000க்கும் மேல் பதிவாகியுள்ளன. அவற்றில் ஏறத்தாழப் பாதி ஜோகன்னஸ்பர்க்கும் தலைநகர் பிரிட்டோரியாவும் அடங்கிய கௌடெங் மாநிலத்தில் நிகழ்ந்தவை. வாகனப் பறிப்பு மிகுந்த இடம் இது என்று சாலையோரத்தில் அரசே எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கின்றது.

விமான நிலையத்திலிருந்து தொடங்கும் கொள்ளை ஒருவகைத் தொழில் ஒழுங்குடன் நடைபெறுவது. ஆலிவர் தாம்போவின் பெயரை 2006 முதல் தாங்கி நிற்கும் அந்நிலையத்தின் வருகைக் கூடத்தில் ஒருவன் சும்மா நின்றுகொண்டிருப்பான். பணமாற்றுச் சாளரத்தில் பெருந்தொகை மாற்றுபவர் யார், கழுத்திலும் கையிலும் நகை மின்ன வருபவர் யார், வழி தெரியாது விழிப்பவர் யார் என்று நோக்குவதே அவன் வேலை. அவன் கைபேசியில் சொல்லும் ஒரு சொல் வெளியே நிற்கும் வாகனத்திற்குப் போய்ச் சேரும். அவ்வாகனம் நெடுஞ்சாலையில் எதுவும் செய்யாது. இடைவெளி விட்டுப் பின்தொடரும். வீட்டின் முன்போ விடுதியின் முன்போ இரும்புக் கதவு திறப்பதற்காக வண்டி நிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான் துப்பாக்கி வெளிவரும். இரக்கமின்றி நன்கு திட்டமிடப்பட்ட செயல் இது. நம்மவர் திருமணத்திற்கும் விருந்திற்கும் செல்லும்போது நகைகளை அணிந்துகொண்டே விமானம் ஏறும் வழக்கமுடையவர்கள். அவர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். நகையைக் கைப்பையின் அடியில் வைத்துக்கொள்வதால் மதிப்புக் குறைந்துவிடாது. பணத்தையும் வழிச்செலவுக்கு வேண்டிய சிறு தொகை மட்டும் நிலையத்தில் மாற்றிக்கொண்டு, மிகுதியைப் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்.

நமக்கு நெருக்கமான பேராசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கிற்காக அந்நகருக்குச் சென்றார். அழைப்புக் கடிதம் மூன்று பக்கம். அமர்வுகளின் நேரம், கட்டுரை எத்தனை நிமிடம், பதிவுக் கட்டணம் எவ்வளவு என அனைத்தும் அதில் இருந்தன. விமான நிலையத்திலிருந்து எவ்வாறு வருவது என்பதற்கு மட்டும் ஒரே வரி: வாடகைக் கார்கள் கிடைக்கும். அவர் இறங்கியபோது இரவு பத்தரை மணி. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவன், கருத்தரங்கிற்கா ஐயா என்று பணிவாகக் கேட்டுத் தள்ளுவண்டியைப் பற்றிக்கொண்டான். நிறுவனத்தார் அனுப்பிய ஆள் என்று அவர் நம்பினார். உயிருக்கும் உடைமைக்கும் கேடில்லை; ஆயினும் முறையான கட்டணத்தைப் போல் நான்கு மடங்கு கறந்துகொண்டு, விடுதிக்கு இரண்டு தெரு முன்னதாகவே இறக்கிவிட்டுப் போய்விட்டான். நள்ளிரவில் பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் நடந்த அந்த இரண்டு தெருவைப் பற்றி இன்றும் அவர் விரிவாகப் பேசுவதில்லை.

இதில் குறை யாருடையது? ஏமாந்தவரைக் குறைகூறுவதே உலக வழக்கு. நம் கருத்து வேறு. அழைத்தவர்களுக்கு அந்நகரின் இரவு எப்படிப்பட்டது என்பது தெரியும்; வந்தவருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லாமல் விட்டதே இதில் முதற்குறை. விருந்தினரை வாயிலில் நின்று வரவேற்பதோடு நம் விருந்தோம்பல் முடிந்துவிடுவதாக எண்ணுகின்றோம். குற்றம் மிகுந்த நகரில் அந்த வாயில், விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுதான். ஆள் அனுப்ப இயலாத நிறுவனம், நம்பத்தக்க வண்டியையேனும் முன்பதிவு செய்து, ஓட்டுநரின் பெயர், வண்டி எண், கைபேசி எண் ஆகிய மூன்றையும் விருந்தினர் சென்னையில் விமானம் ஏறும் முன்பே தெரிவித்துவிட வேண்டும். அழைப்புக் கடிதத்தில் பதிவுக் கட்டணத்திற்கு இடம் இருக்குமானால் இதற்கும் இடம் இருக்கும். இவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு நம்மவர் கூச்சப்படவும் வேண்டியதில்லை. தொல்லை கொடுக்கின்றோமோ என்று தயங்கிப் பேசாதிருப்பது நம் நாட்டு ஆசிரியர்களின் தனிக்குணம்.

பெயரெழுதிய அட்டையுடன் ஓட்டுநர் நிற்பது மட்டும் போதாது. அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து யாரும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே, யாரை அழைத்துச் செல்ல வந்தீர் என்று அவரையே சொல்லச் செய்து, வண்டி எண்ணையும் ஒப்பிட்ட பின்னரே பெட்டியை ஒப்படைப்பது முறை. செயலி வழியாக அழைக்கும் ஊபர், போல்ட் போன்ற வண்டிகளுக்கும் இது பொருந்தும். அவ்வண்டிகளின் ஓட்டுநர்களுக்கும் பழைய மீட்டர் டாக்சிக்காரர்களுக்கும் இடையே 2017ஆம் ஆண்டில் கடும் மோதல்கள் நடந்தன; இடையில் அகப்படும் பயணிக்கு அது தொல்லையாகும். நிலையத்தில் வகுத்துள்ள இடத்தில் நின்று ஏறுவதே நல்லது. கூடத்திற்குள்ளேயே வந்து கையைப் பற்றி இழுப்பவரிடம், ஆள் வந்திருக்கின்றார் என்று கூறிவிட்டு நடையைத் தொடரலாம்.

இருள் பற்றியும் ஒரு சொல். நமக்குக் கோடை விடுமுறை வரும் மே, சூன் திங்கள்களில் அங்கே குளிர்காலம். மாலை ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாமையால் வளைகுடா நகரங்கள் வழியாகச் செல்வோரே மிகுதி. மாறும் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலானாலும் பகலில் இறங்கும் விமானத்தைத் தேர்வு செய்வது அறிவுடைமை. பகலில் வந்தால் கௌட்ரெயின் என்னும் விரைவுத் தொடர்வண்டியும் உண்டு. 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டித் தொடங்கப்பட்ட அவ்வண்டி, நிலையத்திற்குள்ளிருந்தே புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் சாண்ட்டன் பகுதியைச் சேர்த்துவிடும். இரவு ஒன்பது மணியளவில் அது நின்றுவிடுகின்றது. சோவெட்டோவுக்கும், நம் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் லெனேசியாவுக்கும் அது போவதுமில்லை. செல்வர் வாழும் பகுதிகளை இணைப்பதற்கே பாதை போட்டார்கள் என்று அந்நகரத்து ஏழைகள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கின்றது.

தாமே வண்டி ஓட்டிச் செல்ல விரும்புவோர் இப்போது பெருகி வருகின்றனர். அங்கும் சாலையின் இடப்புறமே செல்லவேண்டும் என்பதால் நம்மவர்க்கு மிதமிஞ்சிய துணிவு வந்துவிடுகின்றது. சென்னை அண்ணாசாலையில் ஓட்டியவனுக்கு உலகில் எந்தச் சாலையும் எளிது என்று இளைஞர்கள் சிரித்துக்கொண்டே கூறுவர். அண்ணாசாலையில் ஓட்டியவனுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையும், நிற்கும்போது சூழலை நோக்கும் பழக்கமும் புதியன. நெடுந்தொலைவு பறந்து, தூக்கம் கெட்டு, இந்திய நேரத்திலிருந்து மூன்றரை மணி பின்னே சென்றிருக்கும் ஒருவர், இறங்கிய அன்றே அறியாத நகரில் சக்கரத்தைப் பிடிப்பது தகாது என்பது நம் துணிபு. ஒரு நாள் ஓய்வெடுத்துப் பகல் வெளிச்சத்தில் தொடங்கலாம்.

அந்நாட்டில் போக்குவரத்து விளக்கை ரோபோ என்று சொல்வர். மூன்றாவது ரோபோவில் இடப்புறம் திரும்புக என்று ஒருவர் வழி சொன்னால் மலைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த ரோபோவில் சிவப்பு விளக்குக்காக நிற்கும்போதுதான் கண்ணாடியை உடைத்து இருக்கையில் கிடக்கும் பையைப் பறிக்கும் செயல் நடக்கின்றது. உடைக்கப் பயன்படுவது பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் சில்லு. ஓசையும் பெரிதாக எழாது. இதற்கு அந்நகரத்தார் கடைப்பிடிக்கும் வழிகள் எளியவை. பையும் கைபேசியும் கண்ணில் படாதபடி, புறப்படும் இடத்திலேயே டிக்கியில் வைத்துவிடுவர். சேரும் இடத்தில் இறங்கி நின்று வைப்பதில்லை, ஏனெனில் பார்ப்பவன் அங்கேதான் இருப்பான். தொலைவில் சிவப்பு தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, பச்சை விழும் நேரத்தில் சென்று சேருமாறு ஓட்டுவர். நிற்க நேர்ந்தால் முன்வண்டியின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்பர்; ஒடித்துத் திருப்பிக்கொண்டு வெளியேற அவ்விடைவெளி போதும். வண்டியைப் பூட்டியபின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பர். தொலைவிலிருந்து பூட்டும் கருவியின் அலையைத் தடுத்துப் பூட்டவிடாமல் செய்யும் தந்திரம் அங்கே பரவியிருக்கின்றது.

பின்தொடரப்படுகின்றோம் என்ற ஐயம் எழுந்தால் வீட்டிற்குப் போகாதிருப்பதே முதல் விதி. காவல் நிலையத்திற்கோ, ஆள்நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ வண்டியைத் திருப்பவேண்டும். அந்நாட்டுப் பங்குகளில் பெட்ரோல் நிரப்பப் பணியாளர்கள் நிற்பதால் இரவிலும் அங்கே ஆள் இருக்கும். வீட்டு வாயிலில் கதவு முழுதும் திறக்கும் வரை சாலையிலேயே காத்திருப்பது நல்லது. உள்வழியில் நுழைந்து நின்றால், பின்னால் ஒரு வண்டி வந்து அடைத்துக்கொண்டால் போக்கிடம் இராது. அனைத்தும் மீறித் துப்பாக்கி நீட்டப்பட்டுவிட்டால் வண்டியைக் கொடுத்துவிடுவதே வீரம். கைகள் அவர்கள் கண்ணில் படும்படி, பதற்றமில்லாமல், ஒவ்வொரு அசைவையும் சொல்லிவிட்டே செய்து இறங்கவேண்டும். பின்னிருக்கையில் குழந்தை இருந்தால் அதனை முதலில் சொல்லவேண்டும். புறநானூற்று மறம் பேசும் இடம் அதுவன்று.

நீலவிளக்கு ஒன்று இன்னும் சிக்கலானது. போலிக் காவலர் சீருடையணிந்து நீலவிளக்குச் சுழலும் வண்டியில் வந்து மறிக்கும் கூட்டங்கள் அங்கே உண்டு. 2017 செப்டம்பரில் விமான நிலையத்திலிருந்து டச்சுப் பயணியரை ஏற்றிச்சென்ற பேருந்து ஒன்றே இவ்வாறு மறிக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டது. முன்னேற்பாட்டுடன் வந்த பேருந்து அது என்பதையும் மறைக்காமல் சொல்லியாகவேண்டும். முன்னேற்பாடு இடரைக் குறைக்கும். முற்றாக அகற்றும் என்று யாரும் உறுதி தர இயலாது. ஐயத்திற்குரிய வண்டி மறித்தால், நான்கு பக்க விளக்குகளையும் மினுக்கவிட்டு, வேகத்தைக் குறைத்து, கையால் குறிப்புக் காட்டியபடி அருகிலுள்ள காவல் நிலையம் வரை மெல்ல ஓட்டிச் செல்லுமாறு அந்நாட்டில் அறிவுறுத்துகின்றனர். 10111 என்ற எண்ணுக்கு அழைத்து உண்மைக் காவலரா என்று உறுதிசெய்யவும் முயலலாம்.

கைபேசியில் வழிகாட்டும் வரைபடத்தை நம்மவர் வேதவாக்காகக் கொள்கின்றனர். அது குறுக்குவழியை அறியும். குறுக்குவழியில் இருப்பவரை அறியாது. அதே நாட்டின் கேப் டவுன் நகரில், விமான நிலையத்தை அடுத்த நியாங்கா பகுதிக்குள் 2023ஆம் ஆண்டில் வழிதவறி நுழைந்த அயல்நாட்டுப் பயணியர் வெவ்வேறு நிகழ்ச்சிகளில் சுடப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். எந்தச் சாலையில் செல்லவேண்டும், எங்கே திரும்பக்கூடாது என்பதைப் புறப்படுமுன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்வது பழைய முறைதான்.

இவ்வளவும் எழுதியபின் ஓர் அச்சம் நமக்கே எழுகின்றது. இதனைப் படிப்போர் அந்நகரத்து மக்களையே கள்வரென்று எண்ணிவிடக்கூடும். அவ்வாறு பேசுவோரை நாம் கேட்டிருக்கின்றோம். நிறத்தைச் சுட்டிப் பேசுவோரும் நம்மிடையே உளர். அவர்கள் அந்நகரம் உண்டான வரலாற்றைப் படிக்கட்டும். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம், இன்ன நிறத்தார் இன்ன இடத்தில் வாழவேண்டும் என்று கோடு கிழித்தது. சோஃபியாடவுனில் வாழ்ந்த கறுப்பின மக்கள் 1955 முதல் பெயர்த்தெறியப்பட்டனர். பேஜ்வியூ பகுதியிலிருந்த இந்தியக் குடும்பங்கள், நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லெனேசியாவுக்கு விரட்டப்பட்டன. வேலை ஓரிடம், வீடு வேறிடம் என்று சட்டமே பிரித்து வைத்த நகரம் அது. உலக வங்கியின் கணக்கில் வருமான ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிகுந்த நாடுகளில் முதலிடத்தில் நிற்பது அந்நாடு. வேலை தேடுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அங்கே வேலை இல்லை. தனியார் காவலரின் எண்ணிக்கை, அரசுக் காவலரின் எண்ணிக்கையைப் போல் இரு மடங்குக்கும் மேல். அக்காவலரை அமர்த்திக்கொள்ள வசதியுள்ளவர் மதிலுக்குள் உறங்குகின்றனர். கொலையும் கொள்ளையும் மிகுதியாகத் தாக்குவது மதில் இல்லாதவரைத்தான். விருந்தினர் ஒரு வாரம் கடைப்பிடிக்கும் எச்சரிக்கையை, அதிகாலை நான்கு மணிக்குச் சிற்றுந்துக்காக இருட்டில் நிற்கும் சோவெட்டோப் பெண்ணொருத்தி ஆயுள் முழுதும் கடைப்பிடிக்கின்றாள். நமக்கு வழி சொல்லித் தரக்கூடியவளும் அவள்தான்.

நம் துறைக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாடு சென்று திரும்பும் ஆசிரியரும் மாணவரும் அங்கே ஆற்றிய உரையைத் துறைக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்கின்றனர், மகிழ்ச்சி. அதனோடு, இறங்கிய நேரம், யார் வந்து அழைத்துச் சென்றார், எவ்வளவு கட்டணம், எந்தச் சாலை, எங்கே ஏமாற இருந்தார், யார் உதவினார் என்பவற்றையும் இரண்டு பக்கம் எழுதித் துறை நூலகத்தில் வைக்கட்டும். நகரின் பெயரிட்டு ஒரு கோப்பு போதும். சமுதாயப் பெரியோருள் வணிகத்தின் பொருட்டு ஆப்பிரிக்க நகரங்களுக்குப் பலமுறை சென்று வந்தவர்கள் இருக்கின்றனர். கட்டுரை எழுத நேரமில்லை என்றால் வாயால் சொல்லட்டும், மாணவர் எழுதிக்கொள்வர். மலைபடுகடாத்தில் புல்லை முடிந்து வைக்கச் சொன்னது இதற்காகத்தானே.

ஜோகன்னஸ்பர்க் கோப்பில் முதல் தாளுக்கு உரிய செய்தி ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். வள்ளியம்மையின் கல்லறைக்குச் செல்ல விரும்புவோர், காலைப் பொழுதில், நகரை அறிந்த லெனேசியா அன்பர் ஒருவரின் வண்டியில் செல்லுங்கள். பையை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இடுகாடு மிகப் பெரியது. கல்லறை இருக்கும் பகுதியை வாயிலில் கேட்டு அறிந்துகொண்டு உள்ளே நடப்பது நல்லது. ஹமீதியா பள்ளிவாசலும் அங்கிருந்து தொலைவில் இல்லை. சான்றுகளை எரித்த நிகழ்ச்சியின் நினைவாக நிறுவப்பட்ட முக்காற் கொப்பரையையும் பார்த்துக்கொண்டு பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம்.